மேபல் பிய்த்த ரொட்டி

அக்ரா
1955 ஜனவரி 12

அன்புள்ள மாமாவுக்கு அராபா எழுதுவது.

இங்கே நான் சுகம். வடக்கிலிருந்து வீசும் புழுதிக் காற்றில் உதடு வெடித்திருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவின் தோள்வலி? அந்த நீளக் கட்டையை அடுப்புக்குள் விட்டு ரொட்டி எடுக்கும் வேலையை வேறு யாரிடமாவது கொடுக்கச் சொன்னால் கேட்கிறாளா?

நம்மூர் அனோமாபு லாரிக்காரரிடம் ஒரு சுருள் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பிரித்துப் பார்த்து மயங்கி விழ வேண்டாம். டப்பாப் பால் கம்பெனியின் இந்த வருடக் காலண்டர் அது. டப்பாவைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு சிரிப்பது நான்தான்.

நான் தையல் கற்கும் கடைக்கு எதிரே ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. நாங்கள் தைத்த கவுன் ஒன்றைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. கவுனுக்குச் சொந்தக்காரி வரவில்லை. அளவு எனக்குச் சரியாக இருந்ததால் என்னைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அந்தப் படத்தை ஸ்டூடியோக்காரர் கண்ணாடிக்குள் மாட்டினார். பால் கம்பெனிக்காரர் அதைப் பார்த்தார். இப்போது தலைக்கு எண்ணெய், தையல் மெஷின், துணி என்று வரிசையாகக் கூப்பிடுகிறார்கள். பகல் முழுவதும் சிரித்தால் தாடை எப்படி வலிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது மாமா. வகுப்பில் நீங்கள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். கடைசி வரியை மட்டும் விட்டுவிடலாம்.

உங்கள் ஆசியை வேண்டும்
அராபா

---

அனோமாபு
1955 பிப்ரவரி 3

அன்பு மருமகள் அராபாவுக்கு.

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். முழங்கால் என்னை மறந்தாலும் நான் அதை மறக்க முடியாதபடி இருக்கிறது. உன் அம்மாவின் தோளைப் பற்றி அவளிடம் கேட்டால், "தோள் இருக்கற எடத்துலதான் இருக்கு" என்கிறாள்.

காலண்டர் வந்தது. உன் அம்மா அதை ரொட்டி மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறாள். தேதி பார்ப்பதற்காக அல்ல. ஜனவரித் தாளை யாரும் கிழிக்கக் கூடாதாம், கிழித்தால் காலண்டர் இளைத்துவிடுமாம். நேற்று அதைப் பார்த்து ஞாயிறு என்று நினைத்துக்கொண்டு ஒரு பாட்டியம்மா தேவாலயத்துக்குப் போய்த் திரும்பினாள். ரொட்டி வாங்க வருபவர்கள், "உன் மகளா? பல்லெல்லாம் இருக்கே" என்கிறார்கள். அவள், "நான் குடுத்த பல்லு" என்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இருந்தான். எது கேட்டாலும் தெரியாது என்பான். ஒருநாள் படம் வரையச் சொன்னேன். ஒரு படகை வரைந்தான், அதில் ஏறிப் போய்விடலாம் போல இருந்தது. உன் காலண்டரைப் பார்த்தபோது அவன் நினைவு வந்தது. எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று ஆசிரியர்களுக்கும் தெரிவதில்லை.

தையலை விட்டுவிடாதே.

அன்புடன்
உன் மாமா, யோ. எஷுன்

---

அக்ரா
1955 ஜூலை 19

அன்புள்ள மாமாவுக்கு.

மழையில் அக்ரா மிதக்கிறது. நான் காய்ச்சலில் படுத்து எழுந்தேன், இப்போது நன்றாக இருக்கிறேன். அம்மாவிடம் காய்ச்சலைச் சொல்ல வேண்டாம். ஆகஸ்டு மீன் வந்துவிட்டதா?

இனி வருவதை முதலில் நீங்கள் மட்டும் வாசியுங்கள்.

லண்டனிலிருந்து பென்ரோஸ் என்ற ஒருவர் படம் எடுக்க வந்திருக்கிறார். ஓடும் படம், பேசும் படம். ஸ்டூடியோ கண்ணாடியில் என் படத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். நடக்கச் சொன்னார், நடந்தேன். கோபப்படச் சொன்னார். தையல்கடைக்காரம்மாவை நினைத்துக்கொண்டேன். உடனே எடுத்துக்கொண்டார்.

கதை இதுதான். கோகோ விற்ற பணத்தோடு ஒரு விவசாயி அக்ராவுக்கு வருகிறான். மதுக்கடையில் மேபல் என்ற ஒருத்தி அவனைக் குடிக்க வைத்து, ஆட வைத்து, பணப்பையைக் கறந்துவிடுகிறாள். அவன் மனைவி வந்து மேபலை அறைந்து புருஷனை இழுத்துப் போகிறாள். நான் மனைவி இல்லை மாமா. நான் மேபல்.

பால் டப்பாவுக்குச் சிரித்தவள் இதற்குச் சிரிக்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். காலண்டரில் நான் யாருமில்லை, டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு முகம். மேபல் ஒரு ஆள். அவளைச் செய்யச் செய்ய எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காருகிறது. இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

அம்மா சம்மதித்தால்தான் செய்வேன். நீங்கள் கேளுங்கள்.

அராபா

---

அனோமாபு
1955 ஆகஸ்டு 8

அன்பு அராபாவுக்கு.

நாங்கள் சுகம். மீன் வந்துவிட்டது, அதைப் புகையில் வாட்டி வாட்டி ஊரே புகையில் இருக்கிறது. இந்தக் கடிதத்திலும் அந்த வாசனை வரலாம்.

உன் அம்மாவிடம் பேசினேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அசையாத படத்துல சிரிச்சா. சரி. அசையற படத்துல என்ன பண்ணுவா?"

"நடப்பா, பேசுவா."

"அத இங்கயே பண்ணலாமே. ரொட்டி வித்துக்கிட்டே நடக்கலாம், பேசலாம்."

"எக்குவா, அவளுக்கு அதுல விருப்பம் இருக்கு."

"என்ன வேஷம்ண்ணே?"

"டவுன்ல வாழற ஒரு பொம்பள" என்றேன். அதில் பொய் இல்லை.

அவள் மாவைப் பிசைந்து முடித்தாள். பிறகு சொன்னாள்: "ஒண்ணு நடிக்கட்டும். அத நான் என் கண்ணால பாப்பேன். பாத்துட்டுத்தான் மேல நடிக்கலாமா, வீட்டுக்கு வந்து அடுப்பப் பாக்கணுமான்னு சொல்லுவேன். அவ கேட்டுக்கணும்."

நீ கேட்டுக்கொள்வாய் என்று உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். உன் அம்மா தேவாலயத்தில் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. வெள்ளை உடுத்தி முன்வரிசையில் உட்காருபவள். அதையும் நினைவில் வைத்துக்கொள்.

வயிற்றுக்கு வஞ்சகம் செய்யாமல் சாப்பிடு.

மாமா

---

அக்ரா
1955 நவம்பர் 27

அன்புள்ள மாமாவுக்கு.

உங்கள் உடம்பு எப்படி? என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கன்னத்துக்குத்தான். மனைவியாக நடித்தவர் நிஜத்தில் பள்ளி ஆசிரியை. "மெதுவா அறையுங்க டீச்சர்" என்றேன். "எனக்கு மெதுவா வராதும்மா, பழக்கமில்ல" என்றார். உங்கள் தொழிலே அப்படி.

படம் முடிந்தது. கடைசிக் காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த விவசாயி பிள்ளைகளுக்காக ஊருக்கு எடுத்துப் போக ஒரு ரொட்டி வாங்கி வைத்திருப்பான். மனைவி இழுத்துப் போகும் அவசரத்தில் அதை மேசைமேல் விட்டுவிடுவான். நான் தனியாக நின்று வாய்விட்டுச் சிரிக்க வேண்டும், அத்தோடு படம் முடிய வேண்டும். சிரித்தேன். பென்ரோஸ் நிறுத்தச் சொல்லவில்லை. கை சும்மா இருந்தது. ரொட்டியை எடுத்தேன். உட்கார்ந்து பிய்த்துத் தின்றேன். ஏன் செய்தேன் என்று தெரியாது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அதனால் நிறையத் தின்றேன். அதைத்தான் படத்தில் வைத்திருக்கிறார்கள்.

பென்ரோஸ் அடுத்த படத்துக்கும் கேட்டிருக்கிறார். இந்த முறை கதையே என்னைச் சுற்றித்தான். மே மாத மழைக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா சரி என்றால் சரி, இல்லையென்றால் தையல் மெஷினோடு ஊருக்கு வருகிறேன். வாக்கு வாக்குதான்.

பால் கம்பெனியின் சினிமா வண்டி இந்தப் படத்தைக் கடலோர ஊர்களுக்கெல்லாம் கொண்டுவரப்போகிறதாம். அம்மா பார்த்துவிடுவாள். எனக்குத் தூக்கம் வருவதில்லை. இந்தக் கடைசி வரியை வாசிக்க வேண்டாம்.

அராபா

---

அனோமாபு
1956 ஜனவரி 15

அன்பு அராபாவுக்கு.

புத்தாண்டு உனக்கு நன்றாக இருக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு நீ வராதது உன் அம்மாவுக்குக் குறைதான். உனக்கென்று ஒரு ரொட்டியை நான்கு நாள் மூடி வைத்திருந்தாள்.

சினிமா வண்டி இந்த மாதக் கடைசியில் இங்கே வருகிறது. வண்டியின் ஒலிபெருக்கியில் பேசுவது யார் தெரியுமா? ஃபீஃபி. உன் வகுப்பில் படித்தவன், ஞாயிறு பள்ளி நாடகத்தில் மூன்று வேஷத்தையும் தானே போட்டவன். திரைக்குப் பக்கத்தில் நின்று, ஆங்கிலத்தில் பேசுவதையெல்லாம் நம் பேச்சில் ஊருக்குச் சொல்வதுதான் அவன் வேலை. அவன் வாய் வழியாகத்தான் ஊருக்குக் கதை போகிறது.

முன்னதாகவே என்னைப் பார்க்க வந்திருந்தான். மீன் சோறு போட்டேன். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். உன்னைப் பற்றி விசாரித்தான், கேட்டதையே மறுபடியும் கேட்டான். மற்றபடி என்ன பேசினோம் என்பது அவ்வளவு முக்கியமில்லை.

நீ நன்றாகத் தூங்கு. எல்லாம் நல்லபடியாக முடியும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மாமா

---

அனோமாபு
1956 பிப்ரவரி 2

அன்பு அராபாவுக்கு.

நலம். வண்டி வந்தது. கால்பந்துத் திடலில் உட்கார இடமில்லை. ஊர் கைதட்டியது. உன் அம்மா முன்வரிசையில் சொந்த முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

எல்லோருக்கும் மகிழ்ச்சி. உன் அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வாள். ரொட்டி வேக நேரம் எடுக்கும்தானே.

முழங்கால் காரணமாகச் சுருக்கமாக முடிக்கிறேன்.

மாமா

---

அக்ரா
1956 மார்ச் 6

மாமாவுக்கு.

நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முழங்காலால் யாரும் கடிதம் எழுதுவதில்லை என்பதால் நேராகக் கேட்கிறேன்.

நேற்று சந்தையில் நம்மூர் மீன்காரி எஃபுவா அத்தையைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"அடி என் தங்கம். அந்தப் பெரியவர எப்படிக் காப்பாத்தின. நர்ஸுன்னா நீதான் நர்ஸு."

"எந்தப் பெரியவர் அத்தே?"

"காலு வராம கெடந்தாரே. நீ கண்ணாடி கிளாஸுல மருந்து குடுத்தியே. குடிக்க மாட்டேன்னு மூஞ்சியச் சுளிச்சாரு, நீ விடலியே. அப்புறம் காலுக்குப் பயிற்சின்னு கையப் பிடிச்சுக் குதிக்க வச்சியே. பணம் தொலைஞ்சிடக் கூடாதுன்னு பையவும் ஆஸ்பத்திரிப் பெட்டியில வாங்கி வச்ச."

"நான் சிகரெட் பிடிச்சேனே அத்தே?"

"கொசுவுக்குத்தானே? ஃபீஃபி சொன்னான்."

"அந்தம்மா என்னை அறைஞ்சாங்களே?"

"நன்றி சொல்லித் தட்டிக் குடுத்தா. காட்டுல மண்வெட்டி பிடிக்கற கை, கொஞ்சம் பலமாத்தான் விழும்."

அதோடு அவள் பேரனின் வயிற்றுப்போக்குக்கு என்னிடம் மருந்து கேட்டாள்.

வீட்டுக்கு வந்து முதலில் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அது ஃபீஃபிக்குத் தானாகத் தோன்றியதா, அவனுக்கு மீன் சோறு போட்டவருக்குத் தோன்றியதா? நீங்கள் எனக்காகத்தான் செய்திருப்பீர்கள், அது தெரியும். ஆனால் அம்மா நர்ஸுக்குச் சரி என்று சொன்னால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அது எனக்குக் கிடைத்த சம்மதம் இல்லை. உலகத்திலேயே இல்லாத ஒருத்திக்குக் கிடைத்தது.

மேபலை அம்மா பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் நான் வந்துவிடுகிறேன். அதுவரை பென்ரோஸுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

தயவுசெய்து இந்தக் கடிதத்துக்கும் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனை உதாரணமாக எழுதாதீர்கள்.

அராபா

---

அனோமாபு
1956 ஏப்ரல் 12

அன்பு அராபாவுக்கு.

ஒரு மாதமாக மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் உதாரணம் வந்துவிட்டது.

ஃபீஃபியிடம் சொன்னது நான்தான். உன் அம்மா வேண்டாமென்று சொல்லிவிடுவாள், நீ வாக்கை மீற மாட்டாய், உனக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தது மறுபடி படுத்துவிடும் என்று பயந்தேன். நான் கேட்டது, "கொஞ்சம் மென்மையாச் சொல்லுப்பா" என்பதுதான். நர்ஸ் அவனுடைய சொந்தக் கற்பனை.

உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். வயிற்றுப்போக்கு வரை ஒரு வரி விடாமல். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "இன்னொரு தடவை வாசிங்கண்ணே" என்றாள். வாசித்தேன். போய்விட்டாள்.

சென்ற சனிக்கிழமை தேவாலயத்துக்கு உடுத்தும் உடையைக் கட்டிக்கொண்டு, முக்காலியோடு பக்கத்து ஊரான சால்ட்பாண்டுக்குப் போகும் லாரியில் ஏறியிருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்று சினிமா வண்டி அங்கே இருந்தது. ஞாயிறு காலை முதல் லாரியில் திரும்பி வந்து, நேராக ஆராதனைக்குப் போய், முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

என்னிடம் இன்னும் பேசவில்லை. ரொட்டி மட்டும் வழக்கம்போல் வீட்டுக்கு வருகிறது. ஃபீஃபிக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள் என்று கேள்வி. எதற்கென்று தெரியவில்லை.

முழங்கால் உண்மையாகவே வலிக்கிறது.

மாமா

---

அனோமாபு
1956 ஏப்ரல் 22

அராபாவுக்கு உன் அம்மா எக்குவா சொல்லி, ஃபீஃபி எழுதுவது.

நான் சொல்றத மாத்தாம எழுதணும்னு இவன்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன். எழுதினத ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டச் சொல்லுவேன். ரெண்டு தடவையும் ஒண்ணா இருக்கணும்.

நான் நல்லா இருக்கேன். தோளு வலிக்குது, போன வருஷமும் வலிச்சுது. உனக்கு ஜூலையில காய்ச்சல் வந்துச்சு. அது எனக்குத் தெரியும். உங்க மாமா கடுதாசி வாசிக்கும்போது திடீர்னு கனைப்பாரு. கனைச்சா எதையோ தாண்டறாருன்னு அர்த்தம். "மழையில அக்ரா மிதக்கிறது"ன்னு வாசிச்சுட்டு அப்படிக் கனைச்சாரு. வேற என்ன இருக்கப்போகுது.

படத்தப் பத்திச் சொல்றேன். எனக்கு இங்கிலீஷு தெரியாது. கண்ணு தெரியும். எந்த ஆஸ்பத்திரியில நர்ஸு மேசைமேல உக்காந்து காலாட்டுவா? இவன் மருந்து மருந்துன்னு கத்தறான், அந்தாளு அதக் குடிச்சுட்டு ஏப்பம் விட்டுப் பாடறான். பக்கத்துல இருந்தவங்கெல்லாம் தலையாட்டினாங்க. நானும் ஆட்டினேன். அங்க எந்திரிச்சு எம்மவ கெட்டவன்னு சொல்லவா?

ஆனா முதல் தடவை எனக்குக் கடைசி புரியல. நீ ரொட்டி திங்கற. இவன் பக்கத்துல நின்னு, "நர்ஸம்மாவுக்கு ராத்திரி வேலை, பசிக்குது"ன்னு கத்தறான். அந்தச் சத்தத்துல என்னால பாக்க முடியல. வீட்டுக்கு வந்து அதையே நெனச்சுக்கிட்டிருந்தேன். அதான் ஒண்ணும் சொல்லல. பாதி பாத்ததுக்குப் பதில் சொல்லக் கூடாது.

உன் கடுதாசி வந்தப்புறம் சால்ட்பாண்டுக்குப் போனேன். இவன்கிட்ட சொன்னேன்: "இன்னிக்கு நடந்ததச் சொல்லு. கெட்டவளக் கெட்டவன்னே சொல்லு. கடைசியில அந்தாளு போனப்புறம் மைக்க மூடிடு." இவன், "ஜனங்க சத்தம் போடுவாங்கம்மா"ன்னான். "போடட்டும், நீ மூடு"ன்னேன். மூடினான். யாரும் சத்தம் போடல அராபா. திடலே பேசாம இருந்துச்சு.

ஊருக்குப் போறவன் ரொட்டி வாங்காம லாரி ஏற மாட்டான். அதுக்குத்தான் நான் தெனம் சுடறேன். பிள்ளைங்களுக்குன்னு வாங்கினத மறந்துட்டுப் போயிட்டான். அவ எடுத்தா. கட்டைவிரலால அமுக்கிப் பாத்தா, இன்னிக்குச் சுட்டதா நேத்துச் சுட்டதான்னு. அது என் விரலு. அவ்வளவு கெட்டவளுக்கும் அத ஒரு அம்மா சொல்லிக் குடுத்திருக்கா. அவளுக்கு அந்த ரொட்டிய எடுத்துட்டுப் போக ஒரு வீடு இல்ல. அதான் உக்காந்து தின்னா. நான் அழுதேன். உனக்காக இல்ல, நீ நல்லாத்தான் இருக்க. அந்த மேபலுக்காக அழுதேன். பக்கத்துல சால்ட்பாண்டுக்காரி ஒருத்தி, "ஏம்மா அழற, யாரு அவ?"ன்னா. "எனக்குத் தெரிஞ்ச பொண்ணு"ன்னேன்.

நம்ம சங்கத்துல கேட்டாங்கன்னா நான் பேசிக்கறேன். எஃபுவாகிட்ட நர்ஸு இல்லன்னு சொல்லிட்டேன். அவ நம்பல, இன்னமும் மருந்து கேக்கறா.

நீ அடுத்தது நடி. அந்த வெள்ளைக்காரர்கிட்ட சரின்னு சொல்லு. ஆனா படம் வரும்போது நானே பாப்பேன், குறுக்க யாரும் பேசக் கூடாது. உங்க மாமாகிட்ட நாளைக்குப் பேசிடுவேன். பாவம், மெலிஞ்சுட்டாரு.

இன்னொண்ணு. படத்துல தின்ன அந்த ரொட்டி முந்தாநாள் சுட்டது. விரல் அமுங்கல, பாத்தேன். அடுத்த படத்துக்கு ரொட்டி வேணும்னா முன்னாலயே சொல்லி அனுப்பு. லாரியில குடுத்து விடறேன்.

உன் அம்மா
எக்குவா

அம்மா சொன்னபடி மாற்றாமல் எழுதி, இரண்டு முறை வாசித்துக் காட்டிவிட்டேன். என் சொந்த வார்த்தை ஒன்றுகூட இதில் சேரக் கூடாது என்பது அவர் கட்டளை. சேர்க்கவில்லை. அடுத்த மாதம் ஆறாம் தேதி வண்டி அக்ராவுக்கு வருகிறது.

ஃபீஃபி